சாவி யார் கையில்? செட்டிநாட்டு வீடுகள் விடுதியான கதை

காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைக் காவல்காரர் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றைத் திறந்தார். குனிந்துதான் நுழைய முடிந்தது. சன்னல் கிடையாது. ஒரு கட்டிலைப் போட்டால் அப்புறம் கால் வைக்க இடமிருக்காது. கூட வந்த அம்மா கேட்டார்: "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிட்டு இதுக்குள்ளயா படுத்தாங்க?" காவல்காரர் சிரித்துவிட்டார். "இதுல யாரும்மா படுத்தா? சாமான்தான் படுத்துச்சு."

செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளான கதையை நான் அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குவேன். இன்று ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நாம் கேட்டு வாங்கும் அந்தப் 'பாரம்பரிய அறை', ஒரு காலத்தில் பெரும்பாலும் பித்தளை அண்டாவும் எவர்சில்வர் தூக்கும் சீர் வரிசையும் அடுக்கிவைத்த கிடங்கு. கல்யாணமான புதிதில் தம்பதிகளுக்கு இரவில் அது அறை. மற்றபடி ஆண்கள் முகப்பிலும் திண்ணையிலும், பெண்கள் உள்கட்டில் காற்றோட்டமான இடம் பார்த்தும் பாய் விரித்துக்கொண்டார்கள்.

வீட்டின் அமைப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். தெருவைப் பார்த்து முகப்பு. அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் அறைகள். இதுதான் வளவு. அடுத்த கட்டில் பந்தி நடக்கும். கடைசியில் அடுப்படி, கிணறு, பின்வாசல். முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். வாசலில் நின்று பார்த்தால் நிலைக்கு நிலை நேராக, குழாய்க்குள் பார்ப்பதுபோல, பின்தெரு வெளிச்சம் தெரியும்.

அறைக் கணக்கு ஆள் கணக்கைப் பார்த்து வந்ததில்லை, புள்ளிக் கணக்கைப் பார்த்து வந்தது. இந்த வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரில், கல்யாணமான ஓர் ஆணும் அவர் குடும்பமும் சேர்ந்து ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் 'வேறு வைப்பது' வழக்கம். வீட்டை விட்டுப் போகச் சொல்வதில்லை. அதே வளவில் அவனுக்கென்று ஓர் அறை, அதே வீட்டில் அவன் மனைவிக்கென்று தனி அடுப்பு. வரவுசெலவு தனி. நாலு மகன்கள் இருந்தால் ஒரே கூரையின் கீழ் நாலு அடுப்பு புகையும். வெளியூர்க்காரர்கள் இதைக் கூட்டுக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் இது நூறு வருஷத்துக்கு முந்திய அடுக்ககம். முற்றமும் முகப்பும் பொது, அறையும் அடுப்பும் தனி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு விடுதியானது, எந்த வீடு இடிந்தது என்பதற்கு இங்கேதான் விடை கிடக்கிறது.

இத்தனை பெரிய வீட்டில் யார் இருந்தார்கள்? பெரும்பாலான நாட்கள் ஆச்சிமாரும் பிள்ளைகளும் வேலையாட்களும்தான். ஆண்கள் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போயிருப்பார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டாவை நெல் காடாக்கின. காட்டை வெட்டி வயலாக்கும் பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் தயாராக இல்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணையில் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் கணக்கில் வந்தன. அவர்கள் கடன் கொடுத்துப் புழங்கவிட்ட பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள், அன்றைய 75 கோடி.

அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் அவர்கள் இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீளமான ஒரு கூடம். பல கடைகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் தரை, ஒரு பெட்டி, சாய்வு மேசை. பகலில் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயே பாயை விரித்துப் படுப்பார்கள். சமையல்காரர் ஒருவர், சாப்பாடு பொது. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி மேலாளாகித் தவணை முடிந்து மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்புவான். ஊரில் பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியப் பளிங்கு விரித்து, பெல்ஜியம் கண்ணாடி மாட்டிய வீடு கட்டியவர், தன் வாழ்நாளில் பாதியை ஆறடித் தரையில் கழித்திருக்கிறார். தங்குமிடம் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வீடு அவருக்கு வேறு காரியம்: கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குச் செய்யும் படைப்பு. ஊரே கூடும் அந்த நாட்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. மற்ற நாளில் அவரே அங்கே விருந்தாளி மாதிரிதான் வந்து போனார்.

விடுதி என்ற சொல்லும் இவர்களுக்குப் புதிதில்லை. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் வழியிலும், கோயில் ஊர்களிலும் நகர விடுதிகள், நகரச் சத்திரங்கள் இன்றும் இருக்கின்றன. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் 'சம்போ' என்ற முழக்கத்தோடு தினமும் ஊர்வலமாகப் போகின்றன. கடை வரவில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்து இவற்றைக் கட்டினார்கள். ஆக, பிறர் தங்க இடம் கட்டுவதை இந்தச் சமூகம் தர்மமாகவும் செய்திருக்கிறது, தொழிலின் தேவையாகவும் செய்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சொந்த வீட்டில் தங்கவைப்பதைத்தான் செய்ததில்லை.

வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் வந்தால் என்ன செய்வது? இங்கேதான் பங்களா நுழைகிறது. கலெக்டரும் கம்பெனி துரையும் வருவார்கள். வங்கியோடும் சர்க்காரோடும் காரியம் ஆக வேண்டும். ஆனால் வளவுக்குள் அவரை உட்காரவைக்க முடியாது. உள்கட்டில் படைப்புச் சாமான் இருக்கும், ஆச்சிமார் இருப்பார்கள், தரையில் இலை போட்டுச் சாப்பிடும் வீடு. துரைக்கு மேசை, நாற்காலி, கத்தி, முள்கரண்டி, அவர் குடிப்பதற்கு ஒரு மறைவு எல்லாம் வேண்டும். அதனால் வசதியுள்ள குடும்பங்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தோட்டத்தோடு தனிக் கட்டடம் கட்டின. வராந்தா, பெரிய சன்னல், அறைக்குள்ளேயே குளியலறை. ஊரில் இன்றைக்கும் பேச்சில் இந்த வேறுபாடு உண்டு. 'வீடு' என்றால் வளவும் பங்காளியும் படைப்பும். 'பங்களா' என்றால் வெளியாட்கள் வந்து போகும் இடம்.

காரைக்குடி செஞ்சையில், தேவகோட்டை சாலையில் இருக்கும் 'பங்களா' என்ற விடுதியின் பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்துக்குச் சொந்தமான இடம். விருந்தும் கேளிக்கையுமாக விருந்தாளிகளை வரவேற்கத்தான் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பயன்பட்டது. 1999இல் அது கட்டணம் வாங்கும் விடுதியாகக் கதவைத் திறந்தபோது, செட்டிநாட்டில் சுற்றுலா என்று பெரிதாக எதுவும் இல்லை. பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு அன்றே ஊர் திரும்பினார்கள். ஆனாலும் ஒரு விதத்தில் அந்தத் திறப்பு எளிது. கட்டடம் செய்துவந்த வேலை மாறவில்லை. பில் போடுவது மட்டும் புதிது.

வீடுகளின் கதை அப்படி எளிதாக நடக்கவில்லை. 1930இல் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது 6 சதவீத நிலம்; 1938இல் அது 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது நிலம். பர்மியர் கண்ணில் கடன் கொடுத்தவன் நிலக்காரனாகிவிட்டான், கசப்பும் வளர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரக்கான் மலைவழியாக நடந்து வந்தவர்கள் கதை கிட்டத்தட்ட எல்லாச் செட்டிநாட்டுக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமய சட்டம் கொண்டுவந்தது. 1963-64இல் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த நம்பிக்கையும் அத்தோடு போனது.

வீட்டுக்குச் சோறு போட்ட வயல் கடலுக்கு அப்பால் போய்விட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கவே ஒரு பெரிய தொகை வேண்டும். நாட்டு ஓட்டை மாற்றுவது இன்னும் பெரிய செலவு. கைவினையாக வனைந்த சின்னச் சின்ன ஓடுகளை வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். குரங்கு ஒரு முறை ஓடினால் பத்து ஓடு நகரும். நகர்ந்த இடத்தில் மழை இறங்கும், தேக்கு விட்டம் நனையும், ரெண்டு மழைக்காலத்தில் வளவின் ஒரு மூலை உட்காரும். மூலை உட்கார்ந்தால் தூணை விற்றுவிடலாம் என்ற பேச்சு கிளம்பும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கு இப்படித்தான் வந்தது. நிலை, தூண், சன்னல், பீங்கான் ஜாடி, இனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் அங்கே தனித்தனியாக விலைக்கு நிற்கும். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ ஒரு காபிக் கடையில் செட்டிநாட்டுக் கதவு ஒன்று நிற்பதைப் பார்த்தால் எனக்கு அதன் அழகு ரெண்டாவதாகத்தான் தோன்றும். எந்த ஊர் வீடு, எந்த மூலை உட்கார்ந்தது என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஏன் யாரும் பழுதுபார்க்கவில்லை? பணமில்லாததால் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வசதியான வாரிசுகள் உள்ள வீடுகளும் இடிந்திருக்கின்றன. முதலில் சொன்ன புள்ளிக் கணக்குக்குத் திரும்புவோம். 1910இல் ஒருவர் கட்டிய வீடு, நாலு மகன்கள். அவர்களுக்கு ஆளுக்கு மூன்று மகன்கள் என்றால் 12 பங்கு. அடுத்த தலைமுறையில் 36. தமிழ்நாட்டில் 1989இலிருந்து பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு வந்தது; 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. நியாயமான சட்டம், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பட்டியல் அதோடு நீண்டது. இன்றைக்கு 50 பங்காளிகள் உள்ள வீடு ஒன்றும் அதிசயமில்லை. ஒருவர் டல்லாஸில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கோவித்துக்கொண்டு பேசாமல் தேவகோட்டையில். வாடகைக்கு விட 50 பேரும் ஒப்ப வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் போதும். படைப்பு நடக்கும் வீடாக இருந்தால் பேச்சே எழாது. முன்னோருக்கு இலை போடும் இடத்தில் முன்பின் தெரியாதவர் செருப்போடு நடப்பதை எந்த வீட்டு ஆயா, அதாவது பாட்டி, ஒத்துக்கொள்வார்?

அதனால் விடுதியான வீடுகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது நான் அழகைப் பார்ப்பதில்லை, பத்திரத்தைப் பார்க்கிறேன். கானாடுகாத்தானில் இருக்கும் விசாலம், 1930களின் இறுதியில் கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தன் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டியது. மகளுக்கென்று தனியாகக் கட்டிய வீடு. வளைந்த மூலைகளும் நேர்கோட்டு முகப்புமாக, ஆர்ட் டெக்கோ பாணியில் அது ஊரின் மற்ற வீடுகளிலிருந்து விலகி நிற்கிறது. மகன்களின் வளவு வரிசையிலிருந்தும் அது விலகியேதான் பிறந்தது என்பதை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். பின்னாளில் கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.ஹெச். எர்த் நிறுவனம் அதை விடுதியாக நடத்த வந்தது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸைச் சீராக்கி விடுதியாக்கியவர்கள் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் இருவர். செட்டிநாட்டு ஊர்களை வரைந்து அளந்து ஆவணப்படுத்தியதிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் பெரிய அளவில் செப்பனிடப்பட்டு சொகுசு விடுதியானது. எதை எடுத்தாலும் முடிவெடுக்கும் சாவி ஒரே கையில், அல்லது ஒத்துப்போன சில கைகளில் இருந்த கட்டடம்தான் தப்பித்தது என்பது என் எண்ணம். பக்கத்துத் தெருவில் அதைவிட நல்ல தூண்களோடு நிற்கும் வீடு, பூட்டிக் கிடக்கும்.

சம்மதம் கிடைத்த பிறகுதான் அடுத்த சிக்கல்: குளியலறை. செட்டிநாட்டு வீட்டில் தண்ணீர் புழங்கும் இடம் கடைசிக் கட்டோடு சரி. ஊரெல்லாம் மழைநீரைச் சேர்ப்பதற்கென்றே கட்டியது. கூரை உள்பக்கம் சரிந்து முற்றத்தில் தண்ணீரை இறக்கும், மூலைகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிச்சம் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். ஆனால் பத்து அறைக்குப் பத்துக் கழிப்பறை என்ற யோசனையே அந்தக் கட்டடத்துக்குத் தெரியாது. ரெண்டு அறைகளை இணைத்து ஒன்றைக் குளியலறையாக்குகிறார்கள், அல்லது மாடியில் காற்றோட்டமான இடங்களைத் தடுக்கிறார்கள். சன்னலில்லாத அறைக்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டும். பழைய சுவருக்குள் குழாய் ஓட்ட வேண்டும்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செங்கல்லும் செம்புரைக்கல்லும் அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சாகப் பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட நைசாக அரைத்தது. கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேரும். சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பதுண்டு. ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்ப்பார்கள். காய்ந்த பிறகு கன்னத்தை ஒட்டிவைத்தால் சித்திரையிலும் குளிரும். நகத்தால் தட்டினால் பீங்கானைத் தட்டுவதுபோலச் சத்தம். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, ஒரு வருஷத்தில் பொருக்காக உரியும். நான் ஒரு முறை தங்கிய விடுதியில் ஏ.சி. குழாய்க்காக அப்படிப்பட்ட சுவரில் ஓட்டை போட்டு, சுற்றி வெள்ளைச் சிமெண்ட் அப்பியிருந்தார்கள். படுக்கையிலிருந்து பார்த்தால் அதுதான் கண்ணுக்கு நேரே. இரவு முழுக்க ஏ.சி. சொட்டிய தண்ணீர் அந்த வழியாக இறங்கி, நூறு வருஷம் பால்போல நின்ற சுவரில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு விட்டிருந்தது. காலையில் சொன்னேன். "பெயிண்ட் அடிச்சிருவோம் சார்" என்றார்கள். அதைக் கேட்டதும் இன்னும் கவலையாகிவிட்டது.

தரை அந்த அளவு பிரச்சினை தருவதில்லை, காரணம் ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டத்துக்குக் கட்டம் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கல் தயார். கண்ணாடியின் மினுமினுப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். சூளை வேண்டாம், பாலிஷ் வேண்டாம். உடைந்த கல்லுக்கு ஈடாக அதே பூவில் இன்னொன்றைப் பக்கத்து ஊரிலேயே போட்டு வாங்கலாம். விடுதிகள் வந்ததால் இந்தத் தொழிலுக்கும் ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாருக்கும் வேலை நிலைத்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பாடு வேறு கதை. விடுதிகளுக்கு வருகிறவர்கள் காரசாரமான கோழியைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது வெளியூர் ஓட்டல்கள். வீட்டு விசேஷப் பந்தியில் சைவம்தான்: வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டி, பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லும் கவுனி அரிசி. நல்ல விடுதியில் இரண்டும் ஒரே இலைக்கு வருகிறது. கல்யாணச் சமையலில் தேர்ந்த கைகள் அங்கே மாதச் சம்பளத்துக்கு நிற்கின்றன. வருஷத்தில் நாலு முகூர்த்தத்துக்கு மட்டும் கிடைத்த பலகாரம் எந்தச் செவ்வாய்க்கிழமையும் கிடைக்கிறது.

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. ஏறியதோடு சரி. அந்த அறிவிப்பு தூணை விற்க நினைப்பவர் கையைப் பிடிக்காது. 96 ஊர்களாக இருந்ததாகச் சொல்லும் செட்டிநாடு இன்று 70 சொச்சம் ஊர்கள். அத்தனை ஊரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளோடு பார்த்தால் விடுதிகள் சொற்பம்தான். எல்லா வீடும் விடுதியாக முடியாது. ஆக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அவ்வளவு பேர் வந்து தங்கினால் ஊருணியில் தண்ணீர் எங்கே?

கானாடுகாத்தானில் அன்று காவல்காரர் மீதி அறைகளையும் வரிசையாகத் திறந்துகொண்டே வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கலர் நூல். ஒரு மூலை அறைக்கு வந்ததும் திறக்காமல் நகர்ந்தார். பூட்டில் குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது.

"இது?"

"இந்தப் புள்ளி மலேசியாவுல இருக்காக தம்பி. அந்தச் சாவி எங்கிட்ட இல்ல."